நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம்

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது, மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. உன் அத்தான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது யார் எந்த அறைக்குள் வந்தாலும் சத்தமே இல்லை. நான்தான் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுச் சாகிறேன்.

போன வாரம் போனில் "என்னக்கா படிச்சே?" என்று கேட்டாய். போனில் அதெல்லாம் வராது. "சாப்பிட்டியா, அங்க மழையா, சரி வெச்சிடறேன்" என்பதைத் தாண்டி நாம் என்றைக்குப் பேசியிருக்கிறோம்? அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன். நூலக வாசலில் "நூலகர் அண்மையில் படித்தவை" என்று ஒரு பலகை வைத்திருக்கிறேன் அல்லவா, அதில் எல்லாப் புத்தகமும் 'பயனுள்ளது' அல்லது 'சுவையானது'. உண்மையை எழுதினால் மேலிடத்திலிருந்து ஆள் வரும். உண்மை உனக்குத்தான்.

முதலில் தேனீ வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம். எழுதியவர் மருமகளைக் குறை சொல்வதுபோல் தேனீக்களைக் குறை சொல்லியே முந்நூறு பக்கம் ஓட்டுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது. அவருக்கு அவற்றின்மேல் அத்தனை ஆசை, சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு துப்பறியும் நாவல். யாரோ ஒரு புண்ணியவான் பத்தாம் பக்கத்திலேயே பென்சிலால் 'சமையல்காரன்தான் கொலைகாரன்' என்று எழுதி வைத்திருந்தார். கடைசிவரை அந்தச் சமையல்காரனையே முறைத்துக்கொண்டு படித்தேன். கொன்றது டாக்டர். அந்தப் பென்சில் ஆள் என் கையில் கிடைத்தால் இன்னொரு கொலை விழும்.

மூன்றாவது, வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகம். விடிவதற்கு முன் எழுந்தால் எல்லாம் கிடைக்குமாம். எங்கள் பால்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆளில்லை. லிஃப்டுக்கு மேலே ஏறி வேலை பார்க்கிறவன், பெல்ட்டை மறக்காமல் போட்டுக்கொள். உன் மனைவியை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இரண்டு பேரும் சுகம். பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன். அத்தானிடம் அந்த எண்ணெய் எந்த வகை என்று கேட்டு எழுது, எனக்கும் உதவும்.

இங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஏழாவது மாடியில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. ஆறில் நிற்கிறது, எட்டில் நிற்கிறது. இரண்டு வாரமாகக் கழற்றி மாட்டுகிறேன், காரணம் பிடிபடவில்லை. ஏழில் குடியிருக்கும் ஒரு அம்மா, "எங்க மேல மட்டும் அதுக்கு என்னப்பா கோபம்?" என்று கேட்கிறார்.

ஒரு விஷயம். கூட வேலை பார்க்கிற ஒருவர் ஒரு புது நாவலைப் பற்றிச் சொன்னார். மஞ்சள் அட்டை. தண்ணீர் இறைக்கும் நிலையம் ஒன்றில் பம்பு ஓட்டுகிறவர் குடும்பத்தின் கதையாம். இந்த முறை வரும் புத்தகக் கட்டோடு உங்கள் நூலகத்துக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால் படித்துவிட்டு உனக்குத் தோன்றுவதை அப்படியே எழுது. தயவு தாட்சண்யம் பார்க்காதே. எழுதியவர் யாரோ எவரோ. நடுவில் ஓர் இடம் வருகிறதாம், அதுவரைக்குமாவது பொறுமையாகப் படி.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அடுத்த கடிதத்திலேயே எழுதினாலும் சரி.

முழங்காலைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன்,
தம்பி


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். எண்ணெயின் பெயரைக் கேட்டதிலிருந்து உன் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. உனக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறார்.

நீ சொன்ன மஞ்சள் அட்டை வந்திருந்தது. கட்டைப் பிரித்து முத்திரை விழுந்த கையோடு, வேறு எதையும் பார்க்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். தம்பி கேட்டிருக்கிறானே. இப்போது சொல், உன்னோடு வேலை பார்க்கிற அந்த ஆளுக்கு எழுதியவர் சொந்தமா?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குப் பம்பின் சத்தம் காதில் விழுவதே இல்லை, அது நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்திருக்கிறார்கள் என்று ஓரிடத்தில் வருகிறது. அந்த இடத்தை மட்டும் திரும்ப ஒருமுறை படித்தேன். அது எழுதத் தெரிந்த கை.

ஆனால் குழாய். பக்கத்துக்குப் பக்கம் குழாய். வளைந்த குழாய், நேர்க் குழாய், கசிகிற குழாய். நாவல் படிக்கிறேனா, பிளம்பர் வேலைக்குப் போகிறேனா? அந்த அம்மா வேறு எதற்கெடுத்தாலும் அழுகிறாள். இறைக்கும் தண்ணீர் போதாதென்று இது வேறு. அத்தியாயங்களுக்கு எண்ணும் இல்லை, தலைப்பும் இல்லை. புதுமையாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது கதையில் வரும் அக்காவால். தையல் வேலை பார்க்கிறவள், வாய் நீளம், நல்ல துடிப்பு. கதைக்குள் அவள் வந்தாலே பக்கம் பிரகாசமாகிறது. தம்பிப் பையனுக்குக் காய்ச்சல் வந்து படுக்கிறான், அவள் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். சரி, இனிமேல்தான் கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், பையன் வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்! அக்கா கல்யாணமாகிப் போயாயிற்று. அப்புறம் அவளைக் காணவே காணோம். அவளுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன இருந்தது என்று ஒரு வரி கிடையாது. எழுதியவருக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் இப்படி அம்போவென்று விட மனசு வராது.

நடுவில் ஓர் இடம் என்றாயே, அது எது? எனக்குத் தட்டுப்படவில்லை. பலகையில் 'சுவையானது' என்று போட்டுவிட்டேன்.

லிஃப்டின் கோபம் தணிந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 21

தம்பிக்கு,

நலமா? ஒரு மாதம் தாண்டிவிட்டது, ஒரு வரி காணோம். போனில் கேட்டால் "வேலை ஜாஸ்திக்கா" என்கிறாய். உன் மனைவியிடம் கொடு என்றால் அவள் "அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று என்னவோ போல் சொல்கிறாள். சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? எதுவானாலும் என்னிடம் சொல். நான் மூன்றாம் மனுஷியா?

உன் அத்தான் எண்ணெயைப் பற்றி எழுதியதற்காவது பதில் போடு. தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். பெட்டிக்கும் எண்ணெய் விட்டாயிற்று.

நான் படித்ததைச் சொல்கிறேன். கிணறு வெட்டுகிற ஒருவர் தன் தொழிலைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம். தண்ணீர் வந்த கிணறுகளைப் பற்றி நாலு வரி, வராத கிணறுகளைப் பற்றி நாற்பது வரி. ஒரே மூச்சில் படித்தேன். அப்புறம் ஒரு சரித்திர நாவல். ராஜா வந்தால் நான் தூங்கிவிடுகிறேன், குதிரைக்காரன் வந்தால் விழிக்கிறேன். ராஜாதான் நிறைய வருகிறார்.

உன் பதிலில்லாமல் படித்ததைச் சொல்வது சுவரோடு பேசுவது மாதிரி இருக்கிறது. எழுது.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சண்டை இல்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஏழாம் மாடி இன்னும் அப்படியேதான். அத்தான் சொன்ன எண்ணெய் இங்கே கிடைக்கவில்லை, கேட்டு வைத்திருக்கிறேன். வெயில் அதிகம்.

மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரிதான். அவர் இனிமேல் எழுதப் போவதில்லை என்று கேள்வி.

சின்ன வயதில் நான் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்தேனே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மா கேட்டேன். அது வெகு காலம் ஆயிற்று. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். அதாவது நான் நலம். மருந்துக்கடையில் ஆளில்லாத மத்தியான வேளையில் இதை எழுதுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

அண்ணி, அந்த மஞ்சள் அட்டையை எழுதியது அவர்தான்.

நாலு வருஷம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசையில் உட்காருவார், நான் குழம்பைக் கிளறிக்கொண்டே சத்தம் போடாமல் இருப்பேன். புனைபெயர் வைத்தது உங்களுக்காகத்தான். "நான்னு தெரிஞ்சா அக்கா பாசத்துல நல்லாருக்குன்னு சொல்லிடுவா. அவ வாயால நிஜம் வரணும்" என்றார். நிஜம் வந்தது. குழாய்க்கும் அழுகைக்கும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாத்தியா, பம்பு சத்தத்தைப் பிடிச்சுட்டா" என்று எனக்குப் படித்துக்காட்டிச் சிரித்தார். அந்த அக்காவைப் பற்றி நீங்கள் எழுதிய இடம் வந்ததும் முகம் செத்துப்போயிற்று.

நடுவில் வரும் அந்த அத்தியாயத்தை அவர் உங்களுக்காகவே எழுதினார். வேறு எல்லாவற்றையும் மாற்றினார், அது ஒன்றை மட்டும் நடந்தது நடந்தபடி வைத்தார். அதைப் படித்த நிமிஷமே அக்காவுக்குத் தெரிந்துவிடும், போன் வரும் என்று காத்திருந்தார். நீங்களோ அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை என்று எழுதிவிட்டீர்கள். "திட்டினா திட்டட்டும். படிச்சும் அவளுக்கு ஒண்ணுமே ஞாபகம் வரலையே. அப்போ அது எனக்கு மட்டும்தான் நடந்ததா?" என்கிறார். இரண்டாவது நாவல் முக்கால்வாசி முடிந்திருந்தது. கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். பதிப்பாளர் கேட்டதற்கு இனி எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

நானும் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். கடையில் நின்றுகொண்டே அழுதேன். ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டார், வயிற்றுவலி மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மாற்றினேன். நீங்கள் எப்படி அண்ணி கல்லு மாதிரி இருந்தீர்கள்? எனக்கு உங்களைத் தெரியும். அதனால்தான் புரியவில்லை.

அண்ணனுக்கு என் வணக்கம்.

உங்கள்,
தம்பி மனைவி


மே 16

அம்மாடி,

நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, நலமாகவே இரு. உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் தம்பி புத்தகம் எழுதியிருக்கிறான், அதை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறான், நானும் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதி அவனுக்கே தபாலில் அனுப்பியிருக்கிறேன். "கூடப் பிறந்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்" என்று வேறு. என் கையை எதைக் கொண்டு அடிப்பது? எடைமேடையில் வேலை பார்த்த அப்பாவைப் பம்பு ஓட்டவைத்து, ஊசியில் நூல் கோக்கத் தெரியாத என்னைத் தையல்காரியாக்கினால் எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் எந்த அத்தியாயம்? நிஜமாகவே கேட்கிறேன். ஒரு வரிகூட விடாமல் படிக்கிறவள் நான்.

மறுநாள் காலையில் கதவு திறக்கும் முன்பே நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். காய்ச்சல், அக்கா வந்து உட்காருகிறாள், அடுத்த பக்கம் பையன் வேலைக்குப் போகிறான். அதேதான். அந்தப் பக்கத்தில் எங்கள் முத்திரை இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, உள்ளே ஒரு ரகசியப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தன்னுடையது என்று சொல்கிறவர்களுக்காக. எந்தப் பக்கம் என்று வெளியில் சொல்லக் கூடாது. நீ மருந்துக்கடைக்காரி, ரகசியம் காப்பாய்: நூற்று இருபது. இந்தப் புத்தகத்தில் முத்திரை இருந்தது நூற்று இருபத்தொன்பதில். அதற்கு முந்தைய பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. நடுவில் பதினாறு பக்கம் இல்லவே இல்லை. தைக்கும்போது ஒரு பாரத்தை, அதாவது பதினாறு பக்கமாக மடித்த ஒரு தாளை, அப்படியே விட்டிருக்கிறார்கள். அத்தியாயத்துக்கு எண்ணாவது போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று உன் வீட்டுக்காரனிடம் ஒருநாள் சொல்லத்தான் போகிறேன்.

முத்திரை குத்துகிற எங்கள் பசைக்காரரைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாகச் சீட்டு ஒட்டுகிறவர், அதனால் அந்தப் பெயர்.

"நூத்தி இருபது அதுல இல்லீங்க மேடம். அடுத்தாப்புல இருந்த பக்கத்துல குத்திட்டேன்" என்றார்.

"இல்லைன்னு ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அவரைச் சொல்லி என்ன? புதுப் புத்தகம் வந்தால் பக்கம் சரிபார்ப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்தையும் சரிபார்க்காமல் எடுத்துப் போனதில்லை. தம்பி கேட்டானே என்று ஓடினேன் பார், அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

அவனிடம் இப்போது எதுவும் சொல்லாதே. பக்கம் காணோம் என்று மட்டும் சொன்னால், அக்கா சமாளிக்கிறாள் என்பான். அந்தப் பதினாறு பக்கத்தை நான் முதலில் படிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிரதியை அனுப்பு. போனில் படம் எடுத்து அனுப்பாதே, தம்பியின் புத்தகத்தை நான் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க மாட்டேன்.

பரணைப் பார்த்துக்கொள். எலி இருக்கிறதா?

அண்ணி


மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே சுகம், பரணில் எலி இல்லை. பார்சலில் புத்தகம் இருக்கிறது. நனையாமல் இருக்க மாத்திரைப் பெட்டியில் வைத்துச் சுற்றியிருக்கிறேன், பெட்டிமேல் 'உணவுக்குப் பின்' என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள்.

அலமாரியில் இடம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வீட்டுக்காரர் படிக்க வாங்கிப் போனார் என்றேன். "அவர் உள்ளதைச் சொல்ற ஆளா?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 8

என் தம்பிக்கு,

நலமாக இரு. நானும் அத்தானும் நலம். கொஞ்சம் கண் வீங்கியிருக்கிறது, மருந்து தேவையில்லை.

முதலில் செய்தி. நான் படித்த பிரதியில் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடுத்த பக்கம் நூற்று இருபத்தொன்பது. ஒரு பாரம் விட்டுப்போயிருந்தது. நீ எனக்காக எழுதிய பதினாறு பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் உன் அக்கா உனக்குத் தீர்ப்பு எழுதி அனுப்பிவிட்டாள். நம்பாவிட்டால் அந்தப் பிரதியை அனுப்புகிறேன், எண்ணிப் பார். எனக்கு எல்லாவற்றையும் சொன்னது உன் மனைவிதான். அவளை ஒரு வார்த்தை சொன்னால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டுப் பிரதி வந்தது. நேற்று மத்தியானம் நூலகத்தில் கூட்டமில்லை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கும் மேசையில் உட்கார்ந்து நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது வரியில் கழுதை வந்தது. அவ்வளவுதான், எழுத்தெல்லாம் கலங்கிப்போயிற்று.

நம் வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகம். கடல் கடந்து போகக் கிளம்பிய கழுதை. அது கப்பலில் ஏறுவதோடு பக்கங்கள் தீர்ந்துவிடும், மீதி எப்போதோ கிழிந்து போயிருந்தது. நீ காமாலையில் சுருண்டு கிடந்தாய், "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்றாய். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் பின்னட்டையின் உட்புறத்தைப் பார்த்து வாசித்தேன். ஒருநாள் கழுதை மாலுமியாயிற்று, ஒருநாள் கப்பலையே விலைக்கு வாங்கிற்று. நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாய். சின்னப் பயல், படுத்திருக்கிறான், இவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். உன்னை ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருஷம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

எனக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் நீ அந்த வெறும் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். முதல் நாளே. பசைக் கறை எங்கே இருந்தது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறாய். 'சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள். அதனால் அவன் சொல்லவில்லை' என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். பசைக்காரர் வந்து, "என்ன மேடம், தூசியா?" என்றார். "ஆமா, தூசி" என்றேன். துணி எடுத்து வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனார்.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாய். உன்னைவிட எனக்கு ஒன்று அதிகமாகவே இருக்கிறது, அது உன் புத்தகத்தில் இல்லை. ஒருநாள் எனக்குக் கதை வரவில்லை. கழுதையை நடுக்கடலில் விட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்: "அக்கா, பக்கத்தைத் திருப்பு." நானும் திருப்புவதுபோல் கையை அசைத்தேன், உடனே கதை வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாய் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். நேற்றுதான் தெரிந்தது, நீ எனக்கு உதவி செய்திருக்கிறாய்.

அது உனக்கு மட்டும் நடக்கவில்லை, போதுமா?

இந்த அத்தியாயம் நான் படித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதினாறு பக்கம். இதைச் சொல்வது உன் அக்கா அல்ல, நூலகர். ஏனென்றால் குழாய் குழாய்தான், அதில் மாற்றமில்லை. அம்மாவின் அழுகையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். அதற்கும் பாரம் விட்டவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. அத்தியாயத்துக்கு எண் போடு, எனக்காகப் போடு.

நல்ல பிரதி கேட்டுப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். பலகையில் 'சுவையானது' என்பதை அழித்துவிட்டு, "நூலகருக்கு மிகவும் பிடித்தது, காரணத்தை நேரில் கேட்கவும்" என்று எழுதியிருக்கிறேன். அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவரிடமும் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

பரணிலிருந்து அதை இறக்கு. உனக்கு உயரம் புதிதா?

அன்புடன்,
உன் அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்த முறை நிஜமாகவே நலம். உன் கடிதத்தை அந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மேல் உட்கார்ந்துதான் படித்தேன். பெல்ட் போட்டிருந்தேன். கீழேயிருந்து அந்த ஏழாம் மாடி அம்மா, "என்னப்பா, சத்தத்தையே காணோம்?" என்று குரல் கொடுத்தார். தூசி என்று சொல்லிவிட்டேன்.

நீ சொல்லும் அந்த ஒரு நாள் எனக்கு ஞாபகமே இல்லை, அக்கா. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நாலு வருஷம் உட்கார்ந்து எழுதியும் அதைத்தான் விட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்று உன்னிடம் இத்தனை நாள் பத்திரமாக இருந்திருக்கிறது என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம். மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததற்கு மன்னித்துக்கொள். என் மனைவியை ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஏழாம் மாடி சரியாகிவிட்டது. லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. அந்த மாடிக்கான கம்பியை ஆரம்பத்திலேயே யாரோ இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். நான் மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறேன். அத்தான் சொன்ன எண்ணெயும் கிடைத்துவிட்டது, பரண் கதவுக்கு விட்டேன். அவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

இதோடு இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை அனுப்புகிறேன். குழாய் இல்லை. யாரும் மூன்று தடவைக்குமேல் அழவில்லை. அத்தியாயங்களுக்கு எண் போட்டிருக்கிறேன். பக்கங்களை எண்ணிப் பார், கடைசி அத்தியாயம் இருக்காது. எவர் தவறும் இல்லை, நான்தான் எழுதவில்லை. முடிவு எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பதிலாகக் கடைசியில் ஒரு வெறும் அட்டையைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன். அடுத்த முறை போனில் 'சாப்பிட்டியா' கேட்டு முடிந்ததும் அதை எனக்கு வாசித்துக் காட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

உன்,
தம்பி